ஒரே சோரோ, நாலு விலை: எதை வாங்குவது?

மூன்றுவாள் (வெள்ளவத்தை)

வணக்கம். வேலைக்குச் சேர்ந்து இப்போதுதான் கையில் கொஞ்சம் காசு நிற்கிறது. வன் பீஸ் என்கிற ஜப்பான் கார்ட்டூனில் வருகிற மூன்று வாள் வீரன் சோரோவின் ஃபிகர் (உருவப் பொம்மை) ஒன்று வாங்கி மேசையில் வைக்க வேண்டும் என்பது பள்ளிக்காலத்து ஆசை. ஆனால் விசாரிக்கப் போனால் தலை சுற்றுகிறது.

பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பான்பிரெஸ்டோ என்று போட்ட சோரோ 9,500 ரூபாய். முகநூலில் விற்கிற ஒருவர் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ் சோரோவுக்கு 32,000 சொல்கிறார். இன்னொருவர் மெகாஹவுஸ் பி.ஓ.பி. என்று 65,000 கேட்கிறார். புறக்கோட்டை நடைபாதையில் அந்தப் பான்பிரெஸ்டோ பெட்டியே 2,500க்கு இருக்கிறது. நாலு பேரிடமும் "ஒரிஜினலா?" என்று கேட்டேன். நாலு பேரும் ஓம் என்றார்கள்.

உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. 32,000 ரூபாய்ச் சோரோதான் இருப்பதில் சின்னது! அப்படியென்றால் எதற்குக் காசு கொடுக்கிறோம்? இதில் ஃபிகுவார்ட்ஸ் ஸீரோ என்று இன்னொன்றும் இருக்கிறதாம். அதுவும் எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸும் ஒன்றா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள். (அம்மாவிடம் விலையைப் பாதியாகக் குறைத்துத்தான் சொல்லப்போகிறேன். அது வேறு கதை.)

மருதானை மச்சான்

2,500 சாமானை எடு மச்சான். கண்ணாடி அலுமாரிக்குள் வைத்தால் எவனுக்குத் தெரியப்போகிறது? மிச்சக் காசுக்கு எங்களுக்கு ஒரு கொத்து வாங்கிக் கொடு.

துறைமுகத்தார் (கொட்டாஞ்சேனை)

தம்பி, கொத்து ரொட்டியைப் பிறகு பார்ப்போம். விலையையும் ஒருபக்கம் வையுங்கள். முதலில் அந்தச் சாமான் ஜப்பானில் எந்த வழியாக ஆளின் கைக்குப் போகிறது என்று பாருங்கள். ஃபிகர் வகைகள் என்கிறார்களே, அதில் பாதி இதுதான். மீதிப் பாதி, அதற்கு மூட்டு இருக்கிறதா இல்லையா என்பது.

நீங்கள் பார்த்த பான்பிரெஸ்டோ, பிரைஸ் ஃபிகர். காசு போட்டு, மேலேயிருந்து இறங்கும் இடுக்கியால் பெட்டியைத் தள்ளித் தள்ளி விழுத்துகிற இயந்திரத்தில் கிடைக்கிற பரிசு. ஜப்பானில் கடைத்தட்டில் சில்லறை விலை போட்டு விற்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. செகா, டைட்டோ, ஃபுரியூ பெயர் போட்ட பெட்டிகளில் பெரும்பாலானவையும் இந்த இனம்தான். விளையாட்டு நிலையங்களில் வைக்கிற பரிசின் மதிப்புக்கு அங்கே ஓர் உச்சவரம்பு உண்டு. முன்பு சுமார் 800 யென், 2022 முதல் சுமார் 1,000 யென். அந்த எல்லைக்குள் அடக்க வேண்டும் என்பதால் துண்டுகளைக் குறைப்பார்கள், நிழல் தெளிப்பதைக் குறைப்பார்கள், முதுகுப் பக்கத்தைப் பெயின்ட் செய்யாமலே விடுவார்கள். ஆனால் சிற்பம் மட்டமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பான்பிரெஸ்டோ சிற்பிகளுக்கிடையே போட்டி வைத்தே வன் பீஸ், 'டிராகன் போல்' (Dragon Ball) கதைகளின் உருவங்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றில் சில, மூன்று மடங்கு விலையுள்ள உருவங்களைவிட உயிரோடு நிற்கும். மட்டம் என்றால் பெயின்ட்தான். கண்ணையும் தலைமயிர் ஓரத்தையும் கிட்டப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மெகாஹவுஸ் பி.ஓ.பி. (போர்ட்ரெய்ட் ஒஃப் பைரட்ஸ்) என்பது ஸ்கேல் ஃபிகர். 2004 முதல் வருகிற வரிசை. 1/8 என்றால் ஆளின் உயரத்தை எட்டால் வகுப்பது. சோரோ 181 சென்டிமீட்டர், ஆகவே 22, 23 சென்டிமீட்டர் வரும். இதற்கு மூட்டு கிடையாது, ஒரே நிலைதான். வெளிவருவதற்குப் பல மாதம் முன்பே படத்தைக் காட்டி முன்பதிவு வாங்குவார்கள், ஏறக்குறைய அந்தக் கணக்குக்குத்தான் செய்வார்கள். அதனால் பெயின்டுக்குச் செலவழிக்க முடிகிறது. ஆல்டர், குட் ஸ்மைல், கோட்டோபுகியா பெயரில் 1/7, 1/8 என்று வருவதும் இந்தச் சாதிதான். இந்த வகையில் ஒரு சூதாட்டமும் இருக்கிறது. தயாரிப்பு நின்றதும் விலை ஏறும், மறுவெளியீடு அறிவித்த நாளே விழும். 65,000 கேட்கிறவரிடம் இது எந்த வெளியீடு என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள்.

எஸ்.எச். ஃபிகுவார்ட்ஸ்தான் சொல்லப்போனால் ஆக்‌ஷன் ஃபிகர். பண்டாய் 2008இல் தொடங்கியது. 15 சென்டிமீட்டர்தான் இருக்கும், ஆனால் தோள், முழங்கை, இடுப்பு, கணுக்கால் என்று எல்லாம் மடங்கும். மாற்றிப் போட முகங்களும் கைகளும் தனியாகப் பெட்டிக்குள் இருக்கும். நீங்கள் காசு கொடுப்பது அந்த மூட்டுகளுக்கு. அதனால்தான் சின்னதுக்குக் கூடின விலை. மாக்ஸ் ஃபாக்டரியின் ஃபிக்மாவும் அதே ஆண்டில் வந்தது, அளவும் ஏறக்குறைய அதுவே. கையோடின் ரெவோல்டெக் இரண்டுக்கும் முந்தியது, 2006. மூட்டைத் திருப்பினால் கடக் கடக் என்று படிப்படியாக நிற்கும்.

ஃபிகுவார்ட்ஸ் ஸீரோ வேறு. அதுவும் பண்டாய்தான், ஆனால் மூட்டே இல்லாத நிலையான சிலை. கொழும்பில் பாதி விற்பனையாளருக்கு இந்த வித்தியாசம் தெரியாது, தெரிந்தவர்களில் சிலர் சொல்ல மாட்டார்கள். பெட்டிச் சன்னலுக்குள் மாற்றுக் கைகள் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது ஸீரோவாக இருக்கலாம்.

தலை பெருத்து உடல் சிறுத்து, 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பவை நெண்டோராய்ட். 2006இலிருந்து குட் ஸ்மைல் செய்கிறது. எனக்கு அதில் பற்று இல்லை, என் மகளிடம் கேட்டால் ஒரு மணிநேரம் கதைப்பாள். குட் ஸ்மைல் 2019இல் பொப் அப் பரேட் என்று ஒன்று கொண்டுவந்தது. பிரைஸுக்கும் ஸ்கேலுக்கும் நடுவில், 17, 18 சென்டிமீட்டர், பெயின்ட் ஒழுங்கு, விலையும் தாங்கும்.

இனிப் புறக்கோட்டைச் சாமானுக்கு வருவோம். நான் சுங்கத்தில் பொருள் விடுவிக்கிற வேலை பார்க்கிறவன், வார்ஃப் கிளார்க். எனக்கு எல்லாமே கணக்குத்தான். ஜப்பானில் பழைய பொருள் கடையிலேயே சுமாரான பிரைஸ் ஃபிகர் 1,500 முதல் 2,500 யென். ஒரு யென் இப்போது ஏறக்குறைய இரண்டு ரூபாய். அப்படியென்றால் கப்பலோ விமானமோ ஏறுவதற்கு முன்பே 3,000 முதல் 5,000 ரூபாய். தபால் செலவு, வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் சேர்ந்து அது 2,500க்குக் கொழும்பில் கிடைக்க வழியே இல்லை. அது போலி. அசல் என்பதற்கு அடையாளமாகப் பெட்டியில் ஒட்டுகிற ஒளிரும் ஸ்டிக்கரைப் பார்க்கத் தேவையில்லை, கூட்டல் போதும். பம்பலப்பிட்டி 9,500 அந்தக் கணக்குக்குள் வருகிறது.

நேரே ஜப்பானிலிருந்து எடுக்க நினைத்தால் பெட்டியின் பருமனைப் பாருங்கள். விரைவுக் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000ஆல் வகுத்து வருகிற கிலோவுக்கும் உண்மை நிறைக்கும் எது கூடவோ அதற்குக் காசு வாங்குவார்கள். 40, 30, 30 சென்டிமீட்டர்ப் பெட்டி என்றால் 7.2 கிலோ. உள்ளே ஒன்றரைக் கிலோ ஃபிகரும் காற்றும்தான். ஜப்பான் தபாலின் விரைவுச் சேவையான இ.எம்.எஸ். உண்மை நிறைக்கு மட்டும் வாங்கும். ஸ்கேல் ஃபிகருக்கு அதுதான் சரி. ஃபிகுவார்ட்ஸ் பெட்டி கையடக்கம், எதில் வந்தாலும் பெரிய அடி விழாது.

இங்கே வந்த பிறகு, சுங்கம் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் கூட்டித்தான் வரி போடும். தபால் செலவுக்கும் சேர்த்து வரி கட்டுகிறோம் என்பது பலருக்குப் பொதி வந்த பிறகுதான் விளங்குகிறது. அதன்மேல் பெறுமதி சேர் வரி 18 வீதம். "அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்" என்று ஜப்பான் கடையிடம் கேட்காதீர்கள். ஒழுங்கான கடை எழுதாது. எழுதினாலும் பெட்டியைத் திறந்து மதிப்புப் போடுகிறவர்களுக்குக் கண் இருக்கிறது.

அமிஅமி, மண்டராகே, சுருகாயா என்ற ஜப்பான் கடைகள் மூன்றிலும் பழையது வாங்கலாம். அமிஅமியில் உருவத்துக்கு ஒரு தரம், பெட்டிக்கு ஒரு தரம் என்று பிரித்துப் போடுவார்கள். பெட்டி நசுங்கினதாகப் பார்த்து எடுங்கள். நீங்கள் மேசையில் வைக்கப்போவது சோரோவை, பெட்டியை அல்ல. மூட்டு உள்ளதை மட்டும் பழையதாக வாங்காதீர்கள். முன்பு வைத்திருந்தவர் எப்படி முறுக்கினாரோ, யார் கண்டது?

உங்களுக்கு என் சொல்: உருவத்தை வளைத்து நிறுத்தி விளையாட ஆசை இருந்தால் ஃபிகுவார்ட்ஸ். வைத்துப் பார்க்க மட்டும்தான் என்றால் பம்பலப்பிட்டி பிரைஸ். முதல் ஃபிகருக்கு 65,000 வேண்டாம்.

ஒரு கொசுறு. 1974இல் தகாரா மைக்ரோமேன் என்று 10 சென்டிமீட்டர் மூட்டுப் பொம்மைகளை வெளியிட்டது. அந்த வரிசையிலிருந்தும் தகாராவின் இன்னொரு பொம்மை வரிசையான டயாகுளோனிலிருந்தும் எடுத்த வார்ப்புகளைத்தான் அமெரிக்க ஹாஸ்ப்ரோ 1984இல் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்று விற்றது. சின்ன வயதில் அமெரிக்கப் பொம்மை என்று நினைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கினோமே, அது ஜப்பான் சாமான்.

மரைன் டிரைவ் அக்கா

துறைமுகத்தார் அண்ணா எல்லாம் சொன்னார், நம் ஊர் வெக்கையைச் சொல்லவில்லை. தம்பி வெள்ளவத்தை என்பதால் எழுதுகிறேன். எனக்கும் கடல் பார்த்த வீடுதான்.

இந்த உருவங்களில் பெரும்பாலானவை பி.வி.சி. அதை மென்மையாக்கச் சேர்க்கிற இரசாயனம் சூட்டில் மெல்ல வெளியே கசியும். மூடின பெட்டிக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் அது போக வழியில்லாமல் மேலே பிசுபிசுவென்று படிந்துவிடும், அதில் தூசியும் ஒட்டும். பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் துளி விட்டு, மென்மையான பிரஷ்ஷால் கழுவி நிழலில் காயவிடுங்கள். மதுசாரம், தின்னர் எதுவும் கிட்டப் போகக் கூடாது, பெயின்டைத் தூக்கிவிடும்.

வெயில் விழுகிற யன்னல் பக்கம் வைக்க வேண்டாம். வெள்ளைப் பகுதிகள் மஞ்சளாகும், ஒற்றைக் காலில் நிற்கிற உருவம் கணுக்காலில் சாயும். அலுமாரியைக் கடைகளில் தேடி அலையாமல், அலுமினியம் பொருத்துகிறவரிடம் அளவு கொடுத்தே செய்விக்கலாம். கதவு விளிம்புக்கு ரப்பர் வைக்கச் சொல்லுங்கள், உப்புக்காற்றும் தூசியும் குறையும். ஆனால் அப்பப்போ திறந்து வையுங்கள், மேலே சொன்ன காரணத்துக்காக.

மூன்றுவாள்

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. எனக்கு வைத்துப் பார்ப்பதுதான் ஆசை. ஆகவே பம்பலப்பிட்டி பான்பிரெஸ்டோ. இரண்டு சந்தேகம் மட்டும். கடையில் போலியா என்று பார்க்க எங்கே பார்க்க வேண்டும்? இன்னொன்று, அங்கே இருக்கிற சோரோவின் ஒரு வாள் பெட்டிக்குள்ளேயே வளைந்து தெரிகிறது. அது குறையா?

அப்புறம் இச்சிபான் குஜி என்று ஒரு சோரோவும் வைத்திருந்தார்கள், 24,000.

மருதானை மச்சான்

அப்போ கொத்து இல்லையா?

துறைமுகத்தார் (கொட்டாஞ்சேனை)

இச்சிபான் குஜி சீட்டிழுப்பு. ஜப்பானில் பலசரக்குக் கடைகளிலும் புத்தகக் கடைகளிலும் ஒரு சீட்டு 700, 800 யென்னுக்கு விற்பார்கள். வெறுஞ்சீட்டே கிடையாது. ஏ பரிசு பெரிய உருவம், கீழே போகப் போகத் துவாலை, சாவிக்கொத்து. கடைசிச் சீட்டை எடுக்கிறவருக்கு லாஸ்ட் வன் என்று தனிப் பரிசு, பெரும்பாலும் ஏ பரிசையே நிறம் மாற்றித் தருவார்கள். தரம் பிரைஸைவிட ஒரு படி மேல் என்று சொல்லலாம். 24,000 கேட்டால் அது எந்த எழுத்துப் பரிசு என்று பெட்டியில் பாருங்கள், அச்சடித்திருக்கும்.

போலிக்கு: வன் பீஸ் பெட்டியில் அந்தக் கார்ட்டூனை எடுக்கிற தோயே அனிமேஷனின் ஒளிர் ஸ்டிக்கர் இருக்க வேண்டும், அவர்களுடைய பூனை முகத்தோடு. ஸ்டிக்கரையும் கள்ளமாக அடிக்கிறார்கள், ஆகவே அதை மட்டும் நம்பாதீர்கள். பெட்டியில் பண்டாய் அல்லது பான்பிரெஸ்டோ பெயரும் பதிப்புரிமை வாசகமும் தெளிவாக அச்சாகியிருக்கிறதா பாருங்கள். போலியில் தோல் எண்ணெய் பூசினதுபோல் மினுங்கும், கண் கோணும், துண்டுகள் சேர்கிற இடத்தில் நகம் நுழையும். திறந்தால் மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாடை.

வாள் வளைந்திருப்பது குறை இல்லை. மெல்லிய பி.வி.சி. பெட்டிக்குள் அழுந்தி வந்தால் எல்லாருக்கும் அப்படித்தான். கழற்றக்கூடிய வாள் என்றால் கழற்றி, கொதித்து இறக்கின வெந்நீரில் சில விநாடி பிடியுங்கள். இளகியதும் நேராக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் விடுங்கள். அதற்காகக் கடையில் ஒரு ஐந்நூறு குறைத்துக் கேட்டுப் பாருங்கள், கொடுப்பார்கள்.