கரண்டியைச் சாய்த்துக் காட்டிய பிறகு

எங்கள் அங்கன்வாடி மையத்தில் பதிவு பெற்ற சிறு குழந்தைகளின் தாய்மார்களுக்காக வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கிய புதிதில், இரும்புச்சத்து, புரதச்சத்து என்று நீளமான குறிப்புகளைக் காலை 11 மணிக்கு அனுப்பிவந்தேன். பார்த்ததற்கான நீலக் குறியோ இரவு 8 மணிக்கு மேல்தான் விழும். பல வீடுகளில் இருப்பது ஒரே கைப்பேசி என்பதும், அது கணவரோடு வேலைக்குப் போய்விடுகிறது என்பதும் வீடுகளுக்கு நேரில் சென்றபோதுதான் தெரிந்தன. பிறகு இரவு 8.30 மணிக்கு, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் குரல் பதிவாக மாற்றிக்கொண்டேன்.

அன்றைய உணவைப் படமெடுத்து அனுப்பும்படி கேட்டதுதான் உண்மையில் பயன் தந்தது. எட்டு மாதக் குழந்தையின் தாய் ஒருவர் அனுப்பிய படத்தில் கேழ்வரகுக் கஞ்சி பால்புட்டியில் இருந்தது. கஞ்சி இறங்குவதற்காக நிப்பிளின் துளையைக் கத்தரியால் பெரிதாக்கியிருந்தார். 'கெட்டியாகக் கொடுங்கள்' என்று எத்தனையோ முறை எழுதிய நான், எவ்வளவு கெட்டி என்று ஒருமுறையும் சொன்னதில்லை. அன்றிரவே சத்துமாவுக் கஞ்சி காய்ச்சி, கரண்டியில் எடுத்துச் சாய்த்து, அது ஒழுகாமல் நிற்பதைக் காணொளியாக அனுப்பினேன். நீர்த்த கஞ்சி குழந்தையின் சின்ன வயிற்றை நிறைத்துவிடும், எடையை ஏற்றாது என்பதையும் அதிலேயே சொன்னேன். மறுநாள் ஏழு கரண்டிகளின் படங்கள் வந்தன. ஒன்றில் இருந்தது கஞ்சியல்ல, களி!

*

உங்கள் காணொளியை எங்கள் துணை சுகாதார நிலையக் குழுவிலும் பகிர அனுமதி வேண்டும், அக்கா. கிராம சுகாதாரச் செவிலியரான எனக்குக் கிடைத்த பாடம் வேறு. ஏழு மாதப் பேத்திக்கு நாக்கில் தேன் தடவுவதாக ஒரு பாட்டி குழுவில் சொல்ல, நான் பார்ப்பதற்குள் நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்திவிட்டார்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. அதில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்துகள் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம். இதை எல்லோர் முன்னிலையிலும் சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். அடுத்த நிமிடமே அவர் குழுவிலிருந்து வெளியேறினார்.

முதலில் அவரிடம் தனியே பேசியிருக்க வேண்டும். மறுவாரம் வீட்டுக்கே போய், திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசியபின் தேன் நின்றது. அவரும் குழுவுக்குத் திரும்பினார். இப்போது அடிக்கடி குரல் பதிவு அனுப்புகிறார். குழந்தைக்கு நான் சொல்லும் பருப்பு மசியலில் உப்பே இல்லை என்பதுதான் பெரும்பாலும் அவருடைய குறை.