‘நடுத்தரக் கருந்துளை’ வேண்டாம்

சார், பள்ளிக் கையேட்டுக்கு நீங்கள் அனுப்பிய கலைச்சொல் பட்டியலில் மற்றதெல்லாம் ஏறக்குறைய சரி, ‘intermediate-mass black hole’ என்பதற்கு, அதாவது சின்னதுக்கும் ராட்சசத்துக்கும் இடைப்பட்ட நிறையுள்ள கருந்துளைக்கு, நீங்கள் போட்ட ‘நடுத்தரக் கருந்துளை’தான் உறுத்துகிறது. பிள்ளைகள் வாயில் அது இரண்டே நாளில் ‘நடுக் கருந்துளை’ ஆகிவிடும், அங்கேதான் வம்பு. விண்மீன் மண்டலங்களின் நடுவில் உட்கார்ந்திருப்பது வேறு வகை. நம் பால்வழியின் மையத்தில் இருப்பதே 43 லட்சம் சூரியன் கனம். நாம் பேர் தேடுவது ஏறக்குறைய நூறு சூரியனிலிருந்து ஒரு லட்சம் சூரியன் வரைக்கும் உள்ளவற்றுக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால் நல்ல சாட்சியோடு அகப்பட்ட ஒன்று, நடுவை விட்டு விலகி இருந்ததால்தான் அகப்பட்டது. எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற விண்வெளித் தொலைநோக்கி கண்ட எச்எல்எக்ஸ்-1ஐச் சொல்கிறேன், 2009இல் அறிவித்தார்கள். ஈஎஸ்ஓ 243-49 என்ற மண்டலத்தில், மையத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஓரமாக நின்று எக்ஸ் கதிரை அப்படிக் கொட்டுகிறது. அவ்வளவு பிரகாசத்துக்குக் குறைந்தது 500 சூரியன் நிறையாவது வேண்டும் என்று முதலில் கணக்குப் போட்டார்கள், பிறகு அது 20,000 வாக்கில் போய் நின்றது. மையத்திலேயே இருந்திருந்தால் வழக்கமான ராட்சசக் கருந்துளை என்று எழுதி மூடியிருப்பார்கள். எக்ஸ் கதிரைக் காற்று விழுங்கிவிடும் என்பதால் தரையிலிருந்து இந்த வேலை நடக்காது.

‘ஒமேகா சென்டாரியில் நடுவில்தானே இருக்கிறது’ என்று நீங்கள் கேட்பீர்கள், நியாயம்தான். ஆனால் அது விண்மீன் மண்டலம் இல்லை, சுமார் ஒரு கோடி விண்மீன்கள் உருண்டையாகச் சேர்ந்த கொத்து. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 20 வருஷத்தில் எடுத்த 500க்கும் மேற்பட்ட படங்களை (பாதிக்கு மேல் கருவியைச் சரிபார்க்க எடுத்தவை, கருந்துளைக்காக யாரும் எடுக்கவில்லை) அடுக்கிப் பார்த்தபோது, மையத்தில் ஏழு விண்மீன்கள் கொத்தை விட்டே பறந்துபோகிற வேகத்தில் ஓடுவது தெரிந்தது. ஓடியும் அங்கேயே இருக்கின்றன என்றால் எதுவோ இழுத்துப் பிடித்திருக்க வேண்டும், குறைந்தது 8,200 சூரியன் நிறையுள்ள ஏதோ ஒன்று. 2024இல் வந்த முடிவு இது. கையேட்டில் இதற்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள் சார், ஏனென்றால் லண்டன்காரனுக்கு அடிவானத்துக்கு மேலேயே வராத கொத்து நமக்கு மே மாத இரவில் குமரி மாவட்டத்து முட்டம் கடற்கரையில் நின்றாலே தெரியும், தெற்கே கையை நீட்டிப் பிடித்தால் மூன்றரை முஷ்டி உயரத்தில் மங்கலான பஞ்சுப்பொட்டு மாதிரி. மழை தொடங்குவதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும்.

என் யோசனை ‘இடைநிறைக் கருந்துளை’. நம் பக்கம் நிறை என்றால் கோவிலில் புதுக் கதிர் படைக்கும் நிறைபுத்தரிசிதான் நினைவுக்கு வரும் என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். வரட்டுமே, பாடநூலில் நிறை வேறு எடை வேறு என்று பிள்ளைகள் ஏற்கெனவே படித்துவிட்டார்கள். ஈழத்து நண்பர்கள் திணிவு என்பார்கள், அவர்களுக்கு ‘இடைத்திணிவு’ என்று அடைப்பில் கொடுத்துவிடலாம். இதை வைத்தால் விண்மீன்நிறை (சின்னவை), இடைநிறை, மீநிறை (மையத்து ராட்சசங்கள்) என்று மூன்றும் ஒரே வரிசையில் வந்துவிடும். வல்லின ‘க்’கை மட்டும் அச்சில் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், இன்னொரு தலைவலி. கருந்துளைக்குப் பக்கத்தில் போன விண்மீன் பிய்ந்து சிதறுவதற்குப் பட்டியலில் ‘ஓதச் சிதைவு’ என்று போட்டிருக்கிறீர்கள். 50,000 சூரியன் நிறையுள்ள ஒன்றை 2020இல் ஹபிள் உறுதிசெய்ததே அப்படிச் சிதறிய விண்மீனின் தடயத்தை வைத்துத்தான், ஆகவே சொல் கட்டாயம் வேண்டும். ஓதம் என்றால் கடல் ஏற்றவற்றம், புவியியல் பாடத்தில் இருக்கிறது, பொருளும் சரி, ஆனால் ஊரில் ஓதம் என்றால் ஆண்களுக்கு வரும் வீக்கம்! பத்தாம் வகுப்புப் பையன்கள் முன்னால் அதை வாசிக்கப்போவது நீங்களா நானா?