வீட்டுச் சேவல்கள் தூய இனத்தவையா, இனத்தரத்துக்கு உட்பட்டவையா என்பதை எப்படி அறிவது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒரே நேரத்தில் குஞ்சுகளாக வாங்கி வீட்டுத் தோட்டத்தில் வளர்த்த மூன்று சேவல்கள் என்னிடம் இருக்கின்றன. மூன்றுக்கும் ஏறத்தாழ எட்டு மாத வயது ஆகிறது. விற்றவர் கூறியபடி முதலாவது ரோட் ஐலண்ட் ரெட். இரண்டாவது, உடலெங்கும் கருப்பு வெள்ளைப் பட்டைகள் ஓடும் பார்டு பிளைமவுத் ராக். மூன்றாவது, வெள்ளை இறகுகளுக்குக் கருப்பு ஓரம் அமைந்த சில்வர் லேஸ்டு வயண்டாட். சிவப்புச் சேவல் நல்ல நிறமாக இருந்தாலும் படங்களில் காணும் அளவுக்கு அடர்ந்த நிறம் அதற்கு இல்லை. பட்டைச் சேவல் மூன்றிலும் கம்பீரமானது. பார்ப்பவர்கள் எல்லாரும் அதையே பாராட்டுகிறார்கள். வயண்டாட்டுக்கோ தலையோடு படிந்த ரோஜாக் கொண்டைக்குப் பதிலாக, பற்களுடன் நிமிர்ந்து நிற்கும் ஒற்றைக் கொண்டை வந்திருக்கிறது. ஆகவே அதைக் கலப்பினம் என்று விலக்கிவிட்டு, பட்டைச் சேவலை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுகிறேன். இவை தூய இனத்தவைதாமா, கண்காட்சித் தரத்துக்கு வருமா என்பதை எந்த அடையாளங்களைக் கொண்டு முடிவு செய்வது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1

முடிவெடுப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். ஒரே கேள்வியாக நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு கேள்விகள். தூய இனம் என்பது அந்தச் சேவலின் பெற்றோரையும் அவற்றின் முன்னோரையும் பற்றியது. இனத்தரம் என்பது உங்கள் கையில் இருக்கும் பறவையின் உருவத்தைப் பற்றியது. தூய பெற்றோருக்குப் பிறந்த சேவல் தரத்துக்கு வெளியே விழுந்துவிடுவதும், கலப்பில் பிறந்த சேவல் தரத்துக்கு மிக அருகில் வந்து நிற்பதும் உண்டு. நாய்களுக்கும் குதிரைகளுக்கும் இருப்பதைப் போன்ற தனிப்பட்ட வம்சாவளிப் பதிவேடு கோழிகளுக்குப் பொதுவாக வைக்கப்படுவதில்லை. 1873இல் தொடங்கப்பட்ட அமெரிக்கக் கோழி வளர்ப்புச் சங்கம் அடுத்த ஆண்டே தன் தர நூலை வெளியிட்டது. அந்த நூலும் ஓர் இனம் எப்படி இருக்க வேண்டும் என்பதைத்தான் வரையறுக்கிறதே ஒழிய, எந்தப் பறவை எதற்குப் பிறந்தது என்பதை அன்று. எனவே கண்ணால் பார்த்து ‘இது கலப்பு’ என்று பல நேரங்களில் உறுதியாகச் சொல்லிவிடலாம். ‘இது தூயது’ என்று அதே உறுதியுடன் சொல்ல இயலாது. அதை வளர்த்தவரின் இனப்பெருக்கக் குறிப்புகளும், இனிப் பிறக்கப்போகும் குஞ்சுகளுமே சொல்ல வேண்டும்.

சிவப்புச் சேவலிலிருந்து தொடங்குகிறேன். பெரும்பாலோர் நிறத்தை முதலில் பார்க்கிறார்கள். உடலமைப்பை முதலில் பார்ப்பதே சரியானது என்பது என் கருத்து. ரோட் ஐலண்ட் ரெட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் உடல் செங்கல்லைப் போல நீண்ட செவ்வகமாகவும், முதுகு கிடைமட்டமாகவும் இருக்க வேண்டும். பிறகு பகல் வெளிச்சத்தில் அதைக் கையில் எடுத்து, முதுகு இறகுகளை விரலால் விலக்கித் தோலை ஒட்டிய அடிநிறத்தைப் பாருங்கள். அங்கும் சிவப்பே இருக்க வேண்டும். சாம்பல் நிறம் படிந்திருந்தால் அது குறை. செவிமடல் சிவப்பாகவும் கால்கள் மஞ்சளாகவும் இருக்க வேண்டும். வெள்ளைத் தோலுக்கான மரபணு ஓங்கு தன்மையும் (ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும்) மஞ்சள் தோலுக்கான மரபணு ஒடுங்கு தன்மையும் (இரண்டு பிரதி இருந்தால்தான் வெளிப்படும்) உடையவை என்பதால், மஞ்சள் கால் இனமொன்றில் வெள்ளைக் கால் தோன்றினால் கலப்பை ஐயுறலாம். ஆனால் பச்சைத் தீவனமும் மஞ்சள் சோளமும் கிடைக்காத பறவையின் கால் வெறுமனே வெளுத்தும் போகும். ஆகவே தீவனத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். மூன்று சேவல்களிலும் கால் விரல்களை எண்ணிவிடுங்கள். ஐந்தாவது விரல் இருந்தால் டார்க்கிங், சில்கி போன்ற இனங்களின் கலப்பு இருக்கிறது என்று பொருள். கணைக்காலில் முளைக்கும் சிறு இறகுகளும் இந்த மூன்று இனங்களுக்கும் உரியவை அல்ல.

நிறம் அடர்த்தியாக இல்லாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். முட்டைக்காக வணிக முறையில் பெருக்கப்பட்ட சிவப்புக் கோழிகள் கண்காட்சி வழியில் வந்தவற்றைவிட வெளிறியும் எடை குறைந்தும் இருப்பது வழக்கம். மற்றொன்று, இதே இனத்திலிருந்து தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டு 1935இல் தனி இனமாக ஏற்கப்பட்ட நியூ ஹாம்ப்ஷயரின் கலப்பு. அதன் சிவப்பு இளஞ்செம்மையானது. இவ்விரண்டையும் நிறத்தை மட்டும் வைத்துப் பிரித்தறிய முடியாது.

மறுமொழி 2

பட்டைச் சேவலைப் பற்றி எச்சரிக்க விரும்புகிறேன், ஏனென்றால் நீங்கள் நம்பியிருப்பது அதைத்தான். பட்டையை உண்டாக்கும் மரபணு, பாலினத்தோடு தொடர்புடைய இசட் குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்று. ஆகவே தூய பார்டு ராக் சேவலிடம் பட்டை மரபணு இரண்டு பிரதிகளாக இருந்தே தீரும். ஆனால் ரோட் ஐலண்ட் ரெட் சேவலைப் பார்டு ராக் பெட்டையுடன் சேர்த்தால், பிறக்கும் ஆண் குஞ்சுகள் தாயிடமிருந்து ஒரே ஒரு பிரதியைப் பெறுகின்றன. பெட்டைக் குஞ்சுகள் கருப்பாகவும் ஆண் குஞ்சுகள் தலையில் வெண்புள்ளியுடனும் பிறப்பதால், பாலினத்தை முதல் நாளிலேயே பிரிப்பதற்காக இந்தக் கலப்பு வேண்டுமென்றே செய்யப்படுகிறது. அந்த ஆண் குஞ்சுகள் வளர்ந்ததும் பட்டையோடு நிற்கும். பார்டு ராக் என்று கைமாறவும் செய்யும். தூய பார்டு ராக் குஞ்சின் தலையிலும் வெண்புள்ளி உண்டு என்பதால் குஞ்சுப் பருவத்து நினைவு உங்களுக்கு உதவாது.

வளர்ந்த சேவலில் பார்க்க வேண்டியவை வேறு. இரண்டு பிரதி உடைய சேவலில் வெள்ளைப் பட்டை அகன்று, பறவை மொத்தத்தில் வெளிறித் தெரியும். ஒரு பிரதி உடையதில் கருப்பு மேலோங்கும். தோள், கழுத்து, முதுகின் பின்பகுதி ஆகிய இடங்களில் செம்மையோ பொன்னிறமோ கசிந்திருந்தால் ஐயம் வலுக்கும். காலையும் பாருங்கள்: இரண்டு பிரதி இருந்தால் கால் தெளிந்த மஞ்சளாக இருக்கும், ஒன்று இருந்தால் கருமை படிந்திருக்கக்கூடும். தந்தை ஒரு கருப்பு இனமாக இருந்திருந்தால் செம்மை கசியாது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்று காலை வெயிலில் எடுத்துப் பார்த்தேன். பட்டைச் சேவலின் தோளில் செம்பழுப்புத் திட்டு தெளிவாக இருக்கிறது. கணைக்காலின் முன்பக்கச் செதில்களும் கருமையாக இருக்கின்றன. வயண்டாட்டின் கால்கள் நல்ல மஞ்சள், செவிமடல் சிவப்பு, உடல் உருண்டு குறுகிய முதுகோடு இருக்கிறது. மார்பு இறகுகளின் ஓரக்கோடும் ஒழுங்காகவே தெரிகிறது. கொண்டை ஒன்றுதான் பொருந்தவில்லை. அதை விலக்கிவிடுவது சரிதானே?

மறுமொழி 3

நீங்கள் விவரித்தபடி பார்த்தால், அந்த வயண்டாட் தூய இனமாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. தரத்துக்கு வராது என்பதும் அதே அளவு உண்மை. ரோஜாக் கொண்டை மரபணு ஒற்றைக் கொண்டை மரபணுவின் மேல் ஓங்கு தன்மை உடையது. அது இரு பிரதிகளாக அமைந்த சேவல்களுக்குக் கருவுறச் செய்யும் திறன் குறைவு; ஒரு பிரதி மட்டும் உடையவற்றுக்கு அந்தக் குறை இல்லை. இதனால் ஒற்றைக் கொண்டை மரபணு வயண்டாட் மந்தைகளிலிருந்து முற்றிலும் மறைவதே இல்லை. ரோஜாக் கொண்டையுடைய தாயும் தந்தையும் அதை மறைவாகச் சுமந்திருந்தால், குஞ்சுகளில் சராசரியாக நான்கில் ஒன்று ஒற்றைக் கொண்டையோடு பிறக்கும். கண்காட்சியில் அப்பறவை தகுதியிழப்பு பெறும். ஆனால் அதன் பிறப்பில் வேற்றினம் எதுவும் இல்லை.

இன்னும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். வெள்ளி நிற மரபணுவும் இசட் குரோமோசோமில்தான் இருக்கிறது. கழுத்து இறகுகள் பித்தளை நிறமாக மஞ்சளித்திருந்தால், பொன்னிற வகையோடு கலந்து அந்த மரபணு ஒரு பிரதி மட்டுமே இருப்பதாகக் கொள்ளலாம்; வெயிலும் மழையும் பட்டு வெள்ளை இறகு மஞ்சளிப்பதும் உண்டு, அப்போது புதிதாக முளைக்கும் இறகு வெண்மையாகவே வரும்.

உடலமைப்பு இவ்வளவு நன்றாக இருக்கும் சேவலை நான் விலக்க மாட்டேன். ரோஜாக் கொண்டை மரபணுவை இரு பிரதிகளாகக் கொண்ட பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகள் அனைத்தும் ரோஜாக் கொண்டையோடு வரும். அவற்றில் ஆண்களுக்குக் கருவுறச் செய்யும் திறனும் நன்றாக இருக்கும்.

மறுமொழி 2

கண்காட்சிக்காக வளர்ப்பவர் என்றால் நான் உடன்பட மாட்டேன். அந்தக் குஞ்சுகள் எல்லாமே ஒற்றைக் கொண்டையை மறைவாகச் சுமக்கும், அவற்றைத் தங்களுக்குள் சேர்க்கும்போது நான்கில் ஒன்று மீண்டும் வெளிப்படும். அவற்றைப் பிறருக்குக் கொடுப்பதாக இருந்தால் இதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பட்டைச் சேவலைப் பொறுத்தவரை நீங்கள் கண்டவை கலப்பையே காட்டுகின்றன. முழு உறுதி வேண்டுமானால் அதை முழுக் கருப்பு நிறப் பெட்டையோடு மட்டும் சேர்த்து வையுங்கள். பட்டை மரபணு இரண்டு பிரதி இருந்தால் எல்லாக் குஞ்சுகளும் பட்டையோடு வளரும். பட்டையில்லாத குஞ்சு ஒன்று வந்தாலும் தூய பார்டு ராக் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பெட்டை அதற்கு முன் வேறு சேவலோடு இருந்திருந்தால், அந்த வேறு சேவலைப் பிரித்து நான்கு வாரம் கழிந்த பின்னரே முட்டைகளை எடுத்து வையுங்கள்.

மறுமொழி 1

சிவப்புச் சேவலின் எடையைக் குறிப்பிட மறந்துவிட்டீர்கள். ரோட் ஐலண்ட் ரெட் இளஞ்சேவலுக்கு அமெரிக்கத் தரம் ஏறத்தாழ 3.4 கிலோ, முழு வளர்ச்சி பெற்ற சேவலுக்கு ஏறத்தாழ 3.9 கிலோ. எட்டு மாதத்தில் எடை சற்றுக் குறைவாக இருப்பதும், வாலின் வளைந்த நீண்ட இறகுகள் முழுமை பெறாமல் இருப்பதும் குறை ஆகாது. அடிநிறம், உடலமைப்பு, செவிமடல் ஆகியவற்றை இப்போதே குறித்து வைத்துக்கொண்டு, எடையையும் வாலையும் ஒரு வயது நிறைந்து இறகு மாற்றம் முடிந்த பிறகு பாருங்கள்.