பாலக்காட்டுத் தமிழ்ப் பொண்ணு, எம்பிபிஎஸ் கேரளத்துல: கோவையில குழந்தை மருத்துவம் படிக்க என்ன வழி?

வேலந்தாவளம்:
வணக்கங்க. சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறை. ஸ்கூல் தமிழ் மீடியம், எம்பிபிஎஸ் கேரள அரசுக் கல்லூரியில. இன்டர்ன்ஷிப் முடியப் போகுது, மேற்படிப்புக்கான நீட் பிஜி நுழைவுத் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். எனக்குக் குழந்தை மருத்துவம்தான் வேணும். எங்க பக்கம் குழந்தைக்குக் காய்ச்சல் முத்திட்டா நிறையப் பேரு எல்லையில இருக்கிற வேலந்தாவளம் தாண்டிக் கோவைக்குத்தான் தூக்கிட்டு ஓடுறாங்க. அங்கயே படிச்சிட்டு ஊருக்கு வந்துடணும்னு ஆசை.

பொள்ளாச்சியில இருக்கிற பெரியப்பா, "எங்க வீட்டு விலாசத்துல இருப்பிடச் சான்று வாங்கிடலாம், தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுலயே போடு"ங்கறாங்க. அப்படிச் செய்யலாமா? வேற வழி இருந்தாலும் சொல்லுங்க.

இரவுப் பணி:
வேண்டாம்மா. பெரியப்பா பாசத்துல சொல்றாரு, ஆனா அந்தச் சான்று உன் சீட்டையே காவு வாங்கிடும். உன் ரேஷன் கார்டு, ஸ்கூல் சான்று, எம்பிபிஎஸ் சேர்க்கை எல்லாமே கேரளம்னு சொல்லுது. சேர்ந்த பிறகு தெரிய வந்தாலும் சேர்க்கையை ரத்து பண்ணுவாங்க.

இன்னொண்ணு, வசிப்பிடத்தை வச்சு பிஜி சீட் ஒதுக்குறது அரசியலமைப்பின் சமத்துவம் பத்தின 14ஆவது பிரிவுக்கு எதிரானதுன்னு 2025 ஜனவரி 29 அன்னிக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. சண்டிகர் கல்லூரி வழக்கு அது, மூணு நீதிபதிகள் அமர்வு. அதே கல்லூரியில எம்பிபிஎஸ் படிச்சவங்களுக்கு ஓரளவு முன்னுரிமை தரலாம்னு விட்டு வச்சாங்க. அதனால உனக்குப் பலம் தரக்கூடியது நீ படிச்ச இடம்தான், அது கேரளத்துல இருக்கு. இல்லாத விலாசத்தைத் தேடி அலையாதே.

கோவைக்கு நேர்வழி அகில இந்திய ஒதுக்கீடு. அரசுக் கல்லூரி பிஜி இடங்கள்ல 50 சதவீதம் அதுல வருது, எம்சிசிங்கற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழு கலந்தாய்வு நடத்துது. எந்த ஊருன்னு யாரும் கேக்க மாட்டாங்க, ரேங்க்தான் பேசும். தமிழ்நாட்டோட மீதிப் பாதியிலயும் பாதி அரசுப் பணியில இருக்கிற மருத்துவர்களுக்குப் போயிடும். உன்னை மாதிரி புதுசா முடிச்சவங்களுக்கு அகில இந்தியப் பக்கம்தான் கதவு பெருசு.

வேலந்தாவளம்:
ரொம்ப நன்றிங்கண்ணா. நான் ஓபிசி. தமிழ்நாட்டுல எங்க சாதி பட்டியல்ல இருக்குது, அது போதுங்களா?

சித்தூர் தாலூகா அக்கா:
போதாது கண்ணு. அகில இந்திய ஒதுக்கீட்டுல ஓபிசிக்கு 27 சதவீதம் உண்டு, ஆனா மத்தியப் பட்டியல்ல, கேரளத்துக்கு நேரா உங்க சாதிப் பேரு இருக்கணும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒண்ணு கிடையாது. நம்ம பக்கத்துத் தமிழ்க் குடும்பங்க மாட்டிக்கிறது இங்கதான். வீட்டுல ஒரு மாதிரி சொல்லுவாங்க, ஸ்கூல் சான்றுல மலையாளத்துல வேற மாதிரி எழுதியிருக்கும். முதல்ல எழுத்தை ஒத்துப் பாரு. அப்புறம் அக்ஷயா மையத்துல (கேரள அரசோட இ-சேவை மையம்) விண்ணப்பம் போட்டு, மத்திய அரசுப் படிவத்துல கிரீமிலேயர் (ஓபிசியில வசதி மிக்க பிரிவு) இல்லைங்கற சான்றை வாங்கு. மாநிலத் தேவைக்குன்னு தர்ற சான்றை அங்க ஏத்துக்க மாட்டாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருக்காதே. தாலூகா ஆபீஸ்ல அந்த நேரம் கூட்டம் நெரியும், அவங்க மேல கோவப்பட்டும் பலனில்லை.

இரவுப் பணி:
அக்கா சொன்னது முக்கியம். அடுத்து எம்சிசி கலந்தாய்வுச் சுற்றுகளைப் புரிஞ்சுக்கோ. முதல் சுற்றுல கிடைச்ச சீட் பிடிக்கலைன்னா சேராம விட்டுடலாம், பணம் போகாது. ரெண்டாவது சுற்றுல கிடைச்சு சேரலைன்னா வைப்புத்தொகை போயிடும், ஓபிசிக்கு அது 10,000 ரூபாய். மூணாவது சுற்றுல சேர்ந்துட்டா அப்புறம் கேரளக் கலந்தாய்வுப் பக்கம் திரும்ப முடியாது. அதனால கேரளத்துலயும் கட்டாயம் பதிவு பண்ணி வை. குழந்தை மருத்துவம் எங்க கிடைச்சாலும் சரியா, இல்ல கோவை கிடைக்கிற வரைக்கும் காத்திருக்கப் போறியா? இதை வீட்டுல உக்காந்து இப்பவே பேசி முடிச்சுக்கோ. விருப்பப் பட்டியலைப் பூட்டுற ராத்திரியில பேசுனா அழுகைதான் மிஞ்சும்.

சித்தூர் தாலூகா அக்கா:
டிஎன்பியை (மருத்துவமனைகள்ல படிக்கிற, எம்டிக்கு நிகரான பட்டம்) விட்டுடாதே. அதுவும் மூணு வருஷம்தான், அதே எம்சிசி கலந்தாய்வுதான். கோவைத் தனியார் மருத்துவமனைகள்லயும் இருக்கு. புதுச்சேரி ஜிப்மர் வேணும்னா ஐஎன்ஐ-சிஇடிங்கற நுழைவுத் தேர்வைத் தனியா எழுதணும், வருஷத்துக்கு ரெண்டு தடவை நடக்குது.

வேலந்தாவளம்:
பெரியப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டேன்க்கா, வருத்தப்படலை. தமிழ்நாட்டுல கிடைச்சா ஊருக்குத் திரும்பி வர்றதுல ஏதாவது சிக்கல் வருமா?

இரவுப் பணி:
பாண்டு, அதாவது ஒப்பந்தப் பத்திரம் இருக்கும்மா. அகில இந்திய ஒதுக்கீட்டுல வர்றவங்களும் கையெழுத்துப் போடணும், படிப்பு முடிஞ்சதும் அங்க அரசு மருத்துவமனையில வேலை பார்க்கணும். காலமும் தொகையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், அந்த வருஷத்துத் தகவல் கையேட்டைப் படிச்சிட்டுப் பட்டியல் போடு. சீட் உறுதியானா கேரள மருத்துவக் கவுன்சில்ல தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டுக் கவுன்சில்ல பதியணும். பாண்டு முடிச்சிட்டுத் தாராளமா வா, கொழிஞ்சாம்பாறைக்குக் குழந்தை டாக்டர் தேவைதான்.