பினாங்கு ஜார்ஜ் டவுன் சுவர் ஓவியங்கள்: இரண்டு பேர், 120 ரிங்கிட், எங்கே தொடங்குவது?

கடற்கரைக்காகம் (சென்னை)

வணக்கம். அடுத்த மாதம் இரண்டு பேர் பினாங்கு வருகிறோம். லவ் லேனில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது. சனி முழுநாளும் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி வரையும் ஓவியங்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறோம். விமான நிலையம் போக வர, சாப்பாடு எல்லாம் சேர்த்து இருவருக்கும் 120 ரிங்கிட்தான். டிரைஷா (மிதிவண்டி ரிக்‌ஷா), வழிகாட்டி, டிக்கெட் வாங்கி நுழையும் முப்பரிமாண ஓவியக் கூடங்கள் எதுவும் வேண்டாம். வரைபடச் செயலியைத் திறந்தால் ஊரெல்லாம் புள்ளியாக இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது, எதை விடலாம்?

அஞ்சடி (பினாங்கு)

120 வெள்ளி போதும் (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்). விமான நிலையத்திலிருந்து 401 பேருந்து நகர நடுவில் உள்ள கொம்தார் கோபுரம் வழியாக ஜெட்டி (படகுத்துறை) வரை வரும், ஓர் ஆளுக்கு 2.70. ஓட்டுநர் மீதி தரமாட்டார். ஐந்து வெள்ளி நோட்டை நீட்டினால் ஐந்தும் போய்விடும், சில்லறை மாற்றிக்கொண்டு ஏறுங்கள். இருவரும் போய் வர 10.80. நகருக்குள் 'கேட்' என்ற இலவசப் பேருந்து ஜெட்டிக்கும் கொம்தாருக்கும் இடையே சுற்றுகிறது. ஆனால் முக்கியமான ஓவியங்கள் ஒன்றுக்கொன்று ஐந்து பத்து நிமிட நடைதான். கால் ஓய்ந்த பிறகு பேருந்தைத் தேடினால் போதும்.

பலர் கோட்டை விடுவது நேரத்தில். இங்கே விடிவது ஏழு மணிக்கு மேல்தான். சென்னைப் பழக்கத்தில் ஐந்தரைக்குக் கிளம்பினால் இருட்டில் நிற்பீர்கள். ஏழரைக்கு லெபோ ஆர்மீனியனில் இருங்கள் (லெபோ என்றால் தெரு). பத்து மணி ஆனால் சைக்கிள் ஓவியத்துக்கு முன்னால் வரிசை நிற்கும்.

அந்தச் சைக்கிள் நிஜமானது, சுவரோடு பொருத்தியிருக்கிறார்கள். ஓட்டுகிற அக்காவும் பின்னால் அவளைக் கட்டிக்கொண்டிருக்கும் தம்பியும் சாயம். உச்சி வெயிலில் கைப்பிடியின் நிழல் கறுப்பாகச் சுவரில் விழுந்து, எது பொருள் எது படம் என்று பிரித்துக் காட்டிவிடும். காலையின் மெல்லிய வெளிச்சத்தில் அந்தத் தையலே தெரியாது. படம் எடுக்க எதிர்ச்சாரிக்குப் போய் நேர் எதிரே நின்று, கொஞ்சம் உருப்பெருக்கி எடுங்கள். கிட்டப்போய் அகலக் கோணத்தில் எடுத்தால் சக்கரம் முட்டை வடிவமாகிவிடும். சைக்கிள் மேல் ஏறி உட்காராதீர்கள், சாயவும் வேண்டாம். துணி உரசும் இடத்தில்தான் சாயம் முதலில் போகிறது.

அங்கிருந்து லெபோ ஆ குவீயில் பழைய மோட்டார் சைக்கிள் பையன், பிறகு கேனன் ஸ்ட்ரீட்டில் நாற்காலியில் ஏறிக் கையை நீட்டுகிற பையன். ஊஞ்சல் ஓவியத்தைத் தேடும்போது மட்டும் கவனம். அது இருப்பது 'காட்' லெபோ சூலியாவில். காட் என்றால் அந்தத் தெரு கடலை நோக்கி நீளும் துண்டு, நம் 'துறை' மாதிரி. லெபோ சூலியாவிலேயே தேடிக்கொண்டிருந்தால் எதிர்த்திசையில் அரை மணி வீணாகும்.

சுண்ணாம்புக்காரை

மேலே சொன்ன சைக்கிள், மோட்டார் சைக்கிள், நாற்காலி மூன்றும் லித்துவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸக்காரெவிச் 2012 ஜார்ஜ் டவுன் விழாவுக்காக வரைந்த வரிசை. ஊஞ்சல் உள்ளூர் ஓவியர் லூயிஸ் கானுடையது. நான்கையும் ஒரே கை என்று நினைத்துப் பார்க்காதீர்கள், முகம் தீட்டும் விதமே வேறு.

ஓவியம் மங்கியிருந்தால் ஏமாற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், காரணம் சுவரில் இருக்கிறது. அந்தக் கடைவீடுகள் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சுமாகக் கட்டியவை. ஈரத்தை இழுத்து வெளியே விட்டு மூச்சு வாங்கும் சுவர். அதன்மேல் அக்ரிலிக் படலம் படிந்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே நிற்கும். முதலில் கொப்புளம், பிறகு உப்புப் பூக்கும், பிறகு செதில் செதிலாக உதிரும். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை சாயம் போயிருப்பதைப் பார்த்தாலே புரியும். சியூ ஜெட்டியில் படகில் இருந்த பிள்ளைகளின் ஓவியமும் அழிந்துவிட்டது. வரைபடத்தில் புள்ளி இருப்பதால் சுவரில் படம் இருக்கும் என்று நம்ப வேண்டாம். புள்ளியைத் தொட்டு, கடைசி மூன்று மாதத்தில் யாராவது படம் ஏற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு நடங்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது லெபோ முந்திரியில் உள்ள நீலச் சட்டைச் சிறுமி. மாடி உயரத்துக்குப் பெரியவள். இரண்டு சன்னல்களின் மேல்விதானத்தில் கையூன்றித் தொங்குகிறாள். ஒட்டவைத்த பொருள் ஒன்றுமில்லை, கட்டடமே அவளுக்கு விளையாட்டுக் கம்பி. உங்கள் அறையிலிருந்து பக்கம் என்பதால் காலை முதல் வெளிச்சத்தை இதற்குச் செலவழிக்காமல் ஆர்மீனியனுக்கு ஓடுங்கள். இவளை மாலை ஆறு மணிக்குப் பார்க்கலாம், அப்போதும் நல்ல வெளிச்சம் இருக்கும்.

கடற்கரைக்காகம் (சென்னை)

மிக்க நன்றி. இரண்டு கேள்விகள். மதிய வெயிலில் என்ன செய்வது? ஹின் பஸ் டெப்போ என்று ஓர் இடம் சொல்கிறார்களே, போகத் தகுந்ததா?

நாசிக்கண்டார்

மதியத்துக்கென்றே கம்பிச் சித்திரங்கள் இருக்கின்றன. ஸ்கல்ப்சர் அட் வொர்க் என்ற குழு செய்த 52 இரும்புக் கம்பிக் கேலிச்சித்திரங்கள், ஒவ்வொன்றும் அந்தத் தெருவின் கதையைச் சொல்லும். இரும்புக்கு வெயில் நல்லது, நிழல் சுவரில் விழுந்தால் இன்னும் அழகு. உங்கள் லவ் லேனிலேயே மனைவியை ஏமாற்றும் கணவன் சன்னல் வழியே தப்புகிற சித்திரம் இருக்கிறது. லெபோ லீத் பக்கம் காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ தொழில் பழகியதைச் சொல்லும் ஒன்று. அஞ்சடி (கடைவீடுகளின் முன்னால் கூரையுள்ள நடைபாதை) நிழலிலேயே பெரும்பாலும் நடக்கலாம். சில இடங்களில் மோட்டார் சைக்கிள் நிறுத்தி வழியை அடைத்திருப்பார்கள், சாலையில் இறங்கும்போது திறந்த சாக்கடையைப் பார்த்துக் கால் வையுங்கள். அச்சிட்ட வரைபடம் லெபோ பந்தாய் வைட்அவேஸ் ஆர்கேட்டில் உள்ள சுற்றுலாத் தகவல் மையத்தில் இலவசம்.

ஹின் பஸ் டெப்போவை ஞாயிறுக்கு வையுங்கள். ஜாலான் குருத்வாராவில் பழைய பேருந்துப் பணிமனை, கொம்தாரிலிருந்து நடக்கிற தூரம். 2014 ஜனவரியில் ஸக்காரெவிச்சின் தனிக் கண்காட்சி நடந்த இடம் இது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஞாயிறு சந்தை பதினொரு மணிக்குக் கூடும். புல்வெளியைச் சுற்றிய சுவர்களைப் பார்த்துவிட்டு ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம்.

சாப்பாட்டில்தான் பணம் ஓடும். நாசி கண்டார் (சோற்றில் குழம்பு ஊற்றித் தரும் சாப்பாடு) கடையில் சோற்றோடு கோழியும் ஒரு காய்கறியும் என்றால் 10 வெள்ளி அளவில் முடியும். இறால், கணவாய் என்று கைகாட்டினால் இரட்டிப்பாகும். தட்டில் போடும் முன்பே விலை கேளுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். குழம்பு கலந்து ஊற்றச் சொல்ல 'பஞ்சிர்' என்றால் போதும், அதற்குக் காசு கிடையாது.

அஞ்சடி (பினாங்கு)

ஒன்று விட்டுப்போனது. சியூ ஜெட்டிக்குப் போனால் அது மக்கள் குடியிருக்கும் இடம், வாசலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள். ஞாயிறு திரும்பும்போது 401ஐக் கொம்தாரிலேயே பிடியுங்கள். ஒரு மணி நேரப் பயணம், நெரிசலில் இன்னும் கூடும். 5.40க்குச் சில்லறையைச் சனி இரவே எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.