பாளை வீட்டுக் குழு: அக்டோபர் 23

(எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு ராத்திரி. பெயர்கள் என் போனில் சேமித்திருக்கிறபடி. ‘நான்’ இருப்பது ஸ்காட்லாந்தில், டண்டீ நகரத்தில்.)

நான்: இன்றைக்கு இங்கே ஒரு பாட்டுக்காரரின் நினைவு நாள். கீழ்வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து இரண்டு மணி நேரம் அவர் பாட்டையே போட்டார். ஒன்று அனுப்புகிறேன், கேட்டுப் பாருங்கள்.

நான்: (யூடியூப் இணைப்பு)

அம்மா: சாப்பிட்டாயா?

நான்: ஆச்சு அம்மா. பாட்டைக் கேளுங்கள்.

சென்னை அண்ணன்: யார் இவர்? ஜலதோஷம் பிடித்தவர் மாதிரி பாடுகிறார்.

நான்: மைக்கேல் மாரா. குரலே அப்படித்தான். முதல் தடவை எனக்கும் சரளைக்கல்லில் சைக்கிள் ஓட்டுகிற சத்தம்தான் ஞாபகம் வந்தது. மூன்றாவது பாட்டில் பழகிவிடும்.

சென்னை அண்ணன்: பெரிய ஆளா? கேள்விப்பட்டதே இல்லையே.

நான்: எங்கள் ஊரில் பெரிய ஆள். 1952-ல் டண்டீயில் பிறந்தார். 2012-ல் இதே தேதியில் புற்றுநோயில் போய்விட்டார். 60 வயதுதான்.

பெரிய அத்தை: ‘எங்கள் ஊரா’? ஏட்டி, நீ போய் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

நான்: வாடகை கொடுக்கிறேன் அத்தை. உரிமை உண்டு.

மதுரை மாமா: உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். இவர் எப்படி உள்ளூரிலேயே விலைபோனார்?

நான்: வெளியூரிலும் முயற்சி செய்திருக்கிறார் மாமா. முதலில் தம்பியோடு ஒரு ராக் குழு. அப்புறம் லண்டன் போய் 1980-ல் பெரிய கம்பெனிக்கு முதல் தனி ஆல்பம். அது சரிப்பட்டு வரவில்லை, ஊருக்கே திரும்பிவிட்டார். 1985-ல் ‘கேல்ஸ் ப்ளூ’ என்ற ஆல்பம் வந்தது. அதிலிருந்துதான் நிஜ மாரா என்று பாட்டி சொல்கிறார். லண்டனில் இருந்தது வேறு யாரோ ஒரு பையனாம்.

மதுரை மாமா: சரி, திரும்பி வந்து என்ன பாடினார்? ஊர்ப் பெருமையா?

நான்: அதுதான் இல்லை. உலகத்துப் பெரிய மனிதர்களை எல்லாம் ஊருக்கு வரவழைத்துப் பாடினார். ஃப்ரீடா காலோ தெரியுமில்லையா, மெக்சிகோ ஓவியர், 1954-ல் இறந்தவர். அவர் எங்கள் பெர்த் ரோட்டில் இருக்கும் டேபிரிட்ஜ் பாருக்குள் வருகிறார் என்று ஒரு பாட்டு. நிஜமான பார். இன்றைக்குப் பாட்டியும் நானும் அதன் வாசலில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தோம்.

அப்பா: பாருக்குப் போனாயா?

நான்: வாசலில் அப்பா. வாசலில்.

அம்மா: குளிரில் எதற்கு வாசலில் நிற்க வேண்டும்? ஸ்வெட்டர் போட்டிருந்தாயா?

மைனி: உள்ளே போனால் அப்பா கேட்பார், வெளியே நின்றால் அம்மா கேட்பார். உன் பாடு கஷ்டம்தான்.

நான்: கிங்காங் கிளாஸ்கோவுக்கு வருவது போலவும் ஒரு பாட்டு உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது கால்பந்துப் பாட்டு. டண்டீ யுனைடெட் அணியில் ஹேமிஷ் மெக்கால்பைன் என்று ஒரு கோல்கீப்பர் இருந்தார், அவரைப் பற்றியது. 1981-ல் மொனாக்கோ அணி இங்கே ஆட வந்தபோது நடந்ததை அதில் சொல்கிறார். மழை கொட்டுகிறது. மொனாக்கோ இளவரசி கிரேஸ் கெல்லி, ஹாலிவுட்டில் நடித்தவர், அவரும் வந்திருக்கிறார். கூட்டத்தில் ஒருவன் கையை நீட்டிக் காட்டுகிறான்: அதோ, கரிக்கடை விளம்பரப் பலகை பக்கத்தில், கிரேஸ் கெல்லி!

சென்னை அண்ணன்: ஹா ஹா. இது பிரமாதம். அடையாளம் சொல்வதற்கு நம் ஆட்கள் சொல்கிற மாதிரியே இருக்கிறது. ‘டீக்கடைக்கு எதிரே நிற்கிறாரே, அவர்தான் கலெக்டர்.’

நான்: அதேதான் அண்ணா. இளவரசி வந்ததால் மைதானம் உயர்ந்துவிடவில்லை. இளவரசிக்குத்தான் கரிக்கடை அடையாளம் கிடைத்தது.

பெரிய அத்தை: எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. இது இங்கிலீஷா?

நான்: டண்டீ இங்கிலீஷ் அத்தை. இங்கே ‘ஐ’ என்ற சத்தம் ‘எ’ ஆகிவிடும். பை என்று ஒரு இறைச்சிப் பண்டம் உண்டு, அதைப் ‘பெ’ என்பார்கள். ‘நான்’ என்பதற்கு ‘ஐ’ இல்லை, ‘எ’. வந்த புதிதில் கடையில் மூன்று தடவை கேட்டும் புரியாமல் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். என்ன வாங்கினேன் என்பது வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது.

பெரிய அத்தை: மதினியை நாம் மைனி என்கிறோமே, அதுபோல.

மைனி: வந்துவிட்டேன் அத்தை, கூப்பிட்டீர்களா?

நான்: ‘ஹெர்ம்லெஸ்’ என்ற பாட்டை அந்தப் பேச்சிலேயே பாடியிருக்கிறார். தீங்கில்லாதவன் என்று அர்த்தம். ஒரு சாதாரண ஆள். நூலகத்துக்குப் போவான், ஒரு புத்தகம் எடுப்பான், தேநீருக்கு வீடு திரும்புவான். யாருக்கும் அவனால் தொந்தரவில்லை. அவ்வளவுதான் பாட்டு. இங்கே சாயங்காலத் தேநீர் என்றால் ராத்திரிச் சாப்பாடு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாவம், பட்டினி என்று நினைப்பீர்கள்.

நான்: இதைத்தான் ஸ்காட்லாந்தின் தேசிய கீதமாக்க வேண்டும் என்று பாதி விளையாட்டாகச் சொல்கிறவர்கள் உண்டு. விளையாட்டு மைதானங்களில் இப்போது பாடுவது ‘ஃப்ளவர் ஆஃப் ஸ்காட்லாந்து’. ராய் வில்லியம்சன் எழுதியது, அவரும் 1990-ல் இறந்துவிட்டார். இங்கிலாந்து அரசன் எட்வர்டின் படையைத் துரத்தியடித்ததைப் பற்றிய பாட்டு. அதற்குப் பதில் நூலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்துபோகிற மனிதனை வைத்து எழுந்து நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும்!

மதுரை மாமா: நான் நிற்பேன். 31 வருஷம் நூலகத்தில் வேலை பார்த்தவனுக்கு எவன் பாட்டெழுதினான்?

பெரிய அத்தை: தம்பி உணர்ச்சிவசப்பட்டுவிட்டான்.

அப்பா: அந்த பாரின் பெயரில் வருகிற ‘டே’ ஒரு ஆறுதானே? டே பாலம் விழுந்ததே, அந்த ஊரா இது?

நான்: அதே ஊர்தான் அப்பா! உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: ரயில்வேயில் இருந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது. 1879 டிசம்பர் 28. புயல் ராத்திரி. நடுவில் இருந்த உயரமான பகுதி ரயிலோடு ஆற்றில் விழுந்துவிட்டது. ஒருவரும் பிழைக்கவில்லை. காற்றின் வேகத்துக்கு இடம் கொடுக்காமல் கட்டிவிட்டார் தாமஸ் பௌச். அடுத்த வருஷமே அவரும் இறந்துபோனார். நாங்கள் பயிற்சிக்குப் போனபோது ஒரு பெரியவர் இதையும் 1964 தனுஷ்கோடி ரயிலையும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். அதுவும் டிசம்பர், அதுவும் புயல், அதிலும் பிழைத்தவர் இல்லை. இரண்டையும் கேட்ட அன்று யாரும் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

அப்பா: விழுந்த எஞ்சினைத் தூக்கி எடுத்து, பழுது பார்த்து, மறுபடி ஓட்டினார்கள். அதற்கு ‘டைவர்’ என்று பட்டப்பெயர். முக்குளிப்பான்.

சென்னை அண்ணன்: இந்த எஞ்சின் கதையை ஏன் சித்தப்பா இத்தனை வருஷம் எங்களுக்குச் சொல்லவில்லை?

அப்பா: நீங்கள் கேட்கவில்லை.

நான்: அப்பா, புதுப் பாலத்துப் பக்கத்திலேயே பழைய தூண்களின் அடிக்கட்டை இன்னும் தண்ணீருக்கு மேல் தெரிகிறது. வரிசையாக. ரயிலில் போகும்போது ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன். மாரா அதை வைத்தும் பாட்டுக் கட்டியிருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜெனரல் கிராண்ட், பதவி முடிந்து உலகம் சுற்றியபோது 1877-ல் டண்டீ வந்து, கட்டி முடிகிற நிலையில் இருந்த பாலத்தைப் பார்த்தாராம். ‘சின்ன ஊருக்குப் பெரிய பாலம்’ என்று சொன்னதாக ஊரில் கதை. இரண்டே வருஷத்தில் பாலம் போய்விட்டது.

அப்பா: கண் பட்டுவிட்டது.

பெரிய அத்தை: திருஷ்டிப் பூசணிக்காய் கட்டியிருக்க வேண்டும்.

அப்பா: பூசணிக்காய் போதாது அக்கா. வார்ப்பிரும்புத் தூணே சரியில்லை.

மைனி: கீழ்வீட்டுப் பாட்டிக்கு இந்த மாராவை நேரில் தெரியுமா?

நான்: பழக்கம் என்று சொல்ல முடியாது மைனி. நாடகக் கொட்டகையில் பார்த்திருக்கிறார். பாட்டியின் அம்மா சணல் மில்லில் வேலை பார்த்தவர். நம் வீட்டில் நெல் மூட்டைக்குக் கோணிச் சாக்கு வைத்திருந்தோமே, அந்த மாதிரிச் சாக்கு நெய்தே பெரிதான ஊர் இது. சணல் வங்காளத்திலிருந்து கப்பலில் வரும். நார் முரடு இல்லையா, திமிங்கில எண்ணெய் விட்டு இளக்குவார்களாம். மில்லில் பெரும்பாலும் பெண்கள். தறிச் சத்தத்தில் காது கேட்காது, உதட்டசைவை வைத்தே பேசிக்கொள்வார்கள். ஆண்கள் நிறையப் பேருக்கு வேலை இல்லை, வீட்டில் இருந்து அடுப்பைப் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுக்குக் ‘கெட்டில் கொதிக்கவைக்கிறவன்’ என்றே பெயர்.

பெரிய அத்தை: நல்ல ஊர். எனக்கு ஒரு டிக்கெட் போடு.

நான்: மில்லில் வேலை பார்த்த ஆண்கள் கக்கூஸில் ஒளிந்து பீடி பிடித்துக்கொண்டு அரட்டை அடிப்பதை வைத்து ‘தி மில் லாவீஸ்’ என்று ஒரு நாடகம். எழுதியவர் வேறு ஒருவர், பாட்டெல்லாம் மாரா. பாட்டி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். அம்மா சிரிக்கவே இல்லையாம். வெளியே வந்ததும், ‘இத்தனை வருஷம் அவன்கள் அங்கே உட்கார்ந்து இதைத்தான் செய்தான்களா’ என்று கேட்டாராம். பாட்டி இதைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தார். முடிக்கும்போது தேநீர்க் கோப்பையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். சுத்தமாக இருந்த கோப்பை.

அம்மா: பாவம். தனியாக இருக்கிறாரா?

நான்: ஆமாம் அம்மா.

அம்மா: தீபாவளிக்கு அனுப்பிய அதிரசம் மீதி இருந்தால் கொடு.

நான்: கொடுத்தேன். ‘பெ’ மாதிரி இல்லையே, ஆனால் நன்றாக இருக்கிறது என்றார்.

மதுரை மாமா: மாராவுக்குப் பிள்ளைகள் உண்டா? பாடுகிறார்களா?

நான்: மகன், மகள் இருவருமே இசைக்காரர்கள் மாமா. ‘ஹேஸி ஜேன்ஸ்’ என்ற குழுவில் இருந்தார்கள். கடைசி வருஷம், 2012-ல், அந்தக் குழுவோடு சேர்ந்து ‘ஹவுஸ்ரூம்’ என்று பாடல்கள் பதிவு செய்தார். அதே அக்டோபரில் போய்விட்டார். பாட்டி இன்றைக்குக் கடைசியாகப் போட்டது அதைத்தான். அப்புறம் வேறு எதுவும் போடவில்லை.

சென்னை அண்ணன்: கோல்கீப்பர் பாட்டை ஆபீஸ் குழுவில் போட்டேன். ஒருவனும் பதில் போடவில்லை. நான் நான்கு தடவை கேட்டுவிட்டேன்.

பெரிய அத்தை: மணி பதினொன்று. எல்லோரும் தூங்குங்கள். காலையில் எனக்குப் பால்காரன் வருவான்.

அப்பா: அந்த கிராண்ட் பாட்டை அனுப்பு. பாலம் எந்த இடத்தில் வருகிறது?

நான்: அனுப்பிவிட்டேன் அப்பா. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அம்மா தூங்கட்டும்.

அம்மா: நான் எங்கே தூங்கினேன். ஒரு பக்கத்தை என் காதில்தான் வைத்திருக்கிறார்.