சலவை நோட்டுப் படத்தை நைந்த நோட்டாக மாற்றுவது: அழுக்கு பொய்யாகத் தெரிகிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். பார்வையற்றவர்கள் போன் கேமராவை நீட்டினால் அது என்ன நோட்டு என்று குரலில் சொல்லும் செயலி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். சலவை நோட்டு என்றால் மாடல் (படங்களைக் காட்டிப் பயிற்சி கொடுத்த கணினி நிரல்) சரியாகச் சொல்லிவிடுகிறது. கசங்கிப் பழுப்பேறிய நோட்டில்தான் தடுமாறுகிறது. அப்படிப்பட்ட நோட்டுகள் என்னிடம் கொஞ்சம்தான் இருக்கின்றன. அதனால் ஸ்கேன் செய்த புது நோட்டுப் படங்களைப் பைத்தான் நிரல்மொழி, ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்கத் தொகுப்பு இரண்டையும் கொண்டு பழையதாக்கப் பார்க்கிறேன்.

பழுப்பு நிறப் படலம் ஒன்றை 30 சதவீதம் கலந்து, மேலே காஸியன் நாய்ஸ் (புள்ளிக்குப் புள்ளி தற்செயலாக மாறும் இரைச்சல்) தூவி, மடிப்புக்காகக் கறுப்புக் கோடுகள் வரைகிறேன். முடிவில் பனிமூட்டத்துக்குள் வைத்த நோட்டு போல இருக்கிறது. இந்தப் படங்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்தும் நிஜ அழுக்கு நோட்டில் முன்னேற்றமே இல்லை. செயலி தப்பாகச் சொன்னால் ஒருவர் பணத்தை இழப்பார். அதனால் அரைகுறையாக விட மனமில்லை.

பதில் 1:
பனிமூட்டத்துக்குக் காரணம் அந்தக் கலவைதான். பழுப்பைக் கலக்கும்போது வெள்ளைப் பகுதி இருளும், சரி. ஆனால் கரிய மையும் வெளுத்துவிடுகிறதே! அழுக்கு எதையும் வெளுக்க வைக்காது. அது பூச்சு இல்லை, ஒளியை விழுங்கும் வடிகட்டி. அதனால் கலக்காதீர்கள், பெருக்குங்கள்.

நோட்டுத் தாள் பெரும்பாலும் பருத்தி இழை. கைகளிலிருந்து ஏறும் எண்ணெய்ப் பசை நாளாக ஆகக் காற்றோடு வினைபுரிந்து மஞ்சளாகிறது. மஞ்சள் என்றால் நீல ஒளிதான் அதிகம் விழுங்கப்படுகிறது என்று பொருள். ஒவ்வொரு பிக்சலிலும் அழுக்கின் தடிமன் ஒரு எண் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நிறத்துக்கொரு கெழுவால் பெருக்கி, எதிர்க்குறியோடு அடுக்குக்குறிச் சார்பில் (exp) போட்டு, வரும் விடையால் அந்த நிறத்தைப் பெருக்கவும். கெழுக்களை நீலத்துக்கு 1, பச்சைக்கு 0.6, சிவப்புக்கு 0.35 என்று தொடங்கி, உங்களிடமுள்ள நிஜ நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் காமாவை (படக் கோப்பு வெளிச்ச அளவை வளைத்துச் சேமிக்கும் முறை) கழற்றி, ஒளியின் அளவுக்கு நேர்விகிதமான லீனியர் மதிப்புக்கு வந்துவிடுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் தப்பாகும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. காமா பற்றி மட்டும் சின்னத் திருத்தம். வெறும் பெருக்கலில் காமா பெரிய சேதம் செய்யாது, கெழுவின் அளவுதான் மாறும். மங்கலாக்கும்போதும், உரிந்த மைக்குக் கீழே தாளின் நிறத்தைக் கலக்கும்போதும்தான் லீனியர் மதிப்பு கட்டாயம்.

காஸியன் நாய்ஸை அழுக்குக்குப் பயன்படுத்த வேண்டாம். பிக்சலுக்குப் பிக்சல் மாறுவது கேமரா இரைச்சல். அழுக்கு திட்டுத்திட்டாகப் பரவும். 4க்கு 8 அளவில் ஒரு சின்ன ரேண்டம் கட்டம் எடுத்துக் கியூபிக் முறையில் (இடைப்பட்ட புள்ளிகளை வழவழப்பாக நிரப்பும் முறை) நோட்டின் அளவுக்குப் பெரிதாக்குங்கள். அதன்மேல் இரு மடங்கு நுணுக்கமும் பாதி வலுவும் உள்ள இன்னொரு அடுக்கு. இப்படி நான்கு அடுக்கு போதும். விளிம்பிலும், விரல் பிடிக்கும் இடங்களிலும், மடிப்பை ஒட்டியும் தடிமனைக் கூட்டவும்.

மடிப்புக்குக் கறுப்புக் கோடு வரைந்ததுதான் பெரிய பிழை என்பேன். ஒரு பழைய நோட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மடிப்பின் மேடு உராய்ந்து மை உதிர்ந்து வெளுத்திருக்கும், பள்ளத்தில் அழுக்கு சேர்ந்திருக்கும். ஒரு பக்கத்தின் மேடு மறுபக்கத்தில் பள்ளம். ஆகவே இரு பக்கத்துக்கும் ஒரே மடிப்பு வரைபடத்தை இடவலம் திருப்பி, மேடு பள்ளத்தையும் மாற்றிப் பயன்படுத்துங்கள். அதே வரைபடத்தின் சரிவிலிருந்து நிழலையும் கணக்கிட்டால் கசங்கல் தானாக வந்துவிடும்.

பாலிமர் (பிளாஸ்டிக்) நோட்டுகளுக்கு இதை அப்படியே போடாதீர்கள். அவை அழுக்கை உறிஞ்சுவதில்லை. அங்கே மை தேய்ந்து உரிவதுதான் முக்கியம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பெருக்கலுக்கு மாறியதுமே மூட்டம் போய்விட்டது. வெளுத்த மடிப்பைப் போட்டபோது நிஜ நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் துணிவு வந்தது. ஆனால் இன்னொரு குழப்பம். செயற்கை அழுக்குப் படங்களில் மாடல் ஏறக்குறைய எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறது, நிஜ அழுக்கு நோட்டில் அந்த அளவுக்கு வரவில்லை. ஏன்?

பதில் 2:
மூன்று இடங்களில் பாருங்கள். ஒரே ஸ்கேனிலிருந்து செய்த படங்கள் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தால் அந்த மதிப்பெண் பொய். முதலில் மூல நோட்டுகளைப் பிரித்துவிட்டு, அப்புறம் அழுக்காக்குங்கள். அடுத்து, படத்தில் மாற்றங்களைச் செய்யும் வரிசை: மை உதிர்தல், அழுக்கு, கசங்கல், அறை வெளிச்சம், கேமரா மங்கல், இரைச்சல், கடைசியில் ஜேபெக் சுருக்கம். கடைசி மூன்றும் சலவை நோட்டுப் படங்களுக்கும் உண்டு. எல்லா மதிப்பு நோட்டுகளையும் ஒரே அளவில் அழுக்காக்குகிறீர்களா என்றும் பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் அதிகமாகப் போயிருந்தால், மாடல் அழுக்கைப் பார்த்தே பதில் சொல்லக் கற்றுக்கொள்ளும்.

நிஜ நைந்த நோட்டுகளைப் பயிற்சியில் சேர்க்காமல் சோதனைக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

பதில் 1:
நோட்டுப் படங்களை நகலெடுப்பதற்குப் பல நாடுகளில் விதிமுறை உண்டு, உங்கள் நாட்டு மத்திய வங்கி சொல்வதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாடலுக்குச் சிறிய படமே போதும், பெரிய ஸ்கேனை யாரோடும் பகிர வேண்டாம்.

கேட்டவர்:
ஒரே ஸ்கேன் பயிற்சியிலும் சோதனையிலும் கலந்திருந்தது, அதுதான் கோளாறு. பிரித்துவிட்டேன். செயற்கைப் படங்களின் மதிப்பெண் இறங்கி, நிஜ நோட்டின் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது. இனி ஓரக் கிழிசலையும் ஒட்டிய டேப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன்.